பூப்பறிப்பு நாளில் வீதியை மறிப்பது எப்படி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீதியின் குறுக்கே கயிறு கட்டாதீர்கள்.

நாங்கள் முதல் வருடம் கட்டினோம். எங்கள் ஊர் சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் இடையில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. மேற்கு வீதியில் 43 வீடுகள். தை மூன்றாம் நாள் பூப்பறிப்பு நோம்பிக்கு (பண்டிகையை எங்கள் பக்கம் நோம்பி என்போம்) வீதியை மறித்துக் கும்மியடிக்கலாம் என்று பெண்கள் பேசி முடிவெடுத்தோம். யாரோ கட்டுத்தரையிலிருந்து ஒரு நார்க்கயிற்றை உருவி வந்து, வேப்பமரத்துக்கும் எதிரே இருந்த கம்பத்துக்குமாக இழுத்துக் கட்டிவிட்டார்கள். பகல் முழுக்கப் பளிச்சென்று தெரிந்த கயிறுதான். பொழுது சாய்ந்து ஆறேகால் மணி ஆனதும் புழுதி நிறத்தோடு கலந்துவிட்டது. வேலை முடிந்து பைக்கில் வந்த ஒருவர் நெஞ்சில் கயிறு பட்டுப் பின்பக்கமாக விழுந்தார். தாடையில் நான்கு தையல். இன்னும் ஒரு முழம் மேலே கட்டியிருந்தால் கழுத்தில் பட்டிருக்கும். அவர் எங்களைத் திட்டவில்லை. ரத்தத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டு, "ஏனுங்க, ஒரு வெள்ளைத் துணியாவது கட்டி விட்டிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

நான் 27 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் நோட்டில் எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தக் கயிற்றிலிருந்து தொடங்கி, வருடா வருடம் செய்த தவறுகளையும் சரியாக வந்தவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன். பக்கத்து ஊர்களில் கேட்கிறார்கள் என்பதால் இப்போது சேர்த்து எழுதுகிறேன்.

எதற்காக வீதியை மறிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எங்களுக்கு இரண்டு காரணங்கள். ஒன்று நோம்பி. இன்னொன்று, திருப்பூர் பனியன் கம்பெனி வேன்களும் ஜல்லி லாரிகளும் பெரிய சாலை நெரிசலுக்குப் பயந்து எங்கள் வீதியைக் குறுக்கு வழியாக ஆக்கிக்கொண்டது. வேகத்தடை வேண்டும், மனுவில் கையெழுத்துப் போட வாருங்கள் என்று நான் ஒரு வருடம் வீடு வீடாக நடந்தேன். பதினோரு கையெழுத்துதான் கிடைத்தது. பொங்கல் வைத்து, சோறு போட்டு, கும்மி முடிந்த கையோடு அதே தாளை நீட்டினேன். ஒரே மாலையில் 96 கையெழுத்து.

நாளும் நேரமும்

எங்கள் பக்கம் போகியன்று பொழுதோடு பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்து வீட்டுக்கும் காட்டுக்கும் கட்டுத்தரைக்கும் காப்புக் கட்டுவோம். மறுநாள் வீட்டுப் பொங்கல், அதற்கு மறுநாள் பட்டிப் பொங்கல். இந்த மூன்று நாட்களிலும் யாரையும் வீதிக்கு இழுக்க முடியாது. அவரவருக்கு அவரவர் மாடு, அவரவர் விருந்தாள். தை 3 அன்றுதான் எல்லோர் கையும் காலியாக இருக்கும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் ஊரில்தான் இருப்பார்கள். அவர்கள் முக்கியம். படம் எடுக்கவும் மனுவைத் தட்டச்சு செய்யவும் அவர்களால் முடியும்.

மாலை 3 மணிக்குத் தொடங்கி 8 மணிக்கு முடித்துவிடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. குடியிருப்புப் பகுதியில் பகலிலேயே 55 டெசிபல்தான் அளவு. டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவரும் சவுண்டு செட்டுக்கு முன்னால் அந்த அளவெல்லாம் நகைப்பு. கும்மிக்குக் கைத்தட்டலும் ஒரு பறையும் போதும் என்று நாங்கள் செட்டையே நிறுத்திவிட்டோம். இளவட்டங்களுக்கு வருத்தம்தான். வள்ளி கும்மியை ஆண்கள் மட்டும் ஆடிவந்த காலத்தில் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த பத்ரப்பன் ஐயா நம் மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரர். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதைச் சொல்லித்தான் பையன்களையும் கும்மிக்குள் இழுத்தோம். இப்போது வருத்தம் குறைந்திருக்கிறது.

மறிப்பதற்கு முன்

மாற்று வழி இல்லாத வீதியை மறிக்காதீர்கள். கோயில் முற்றத்திலோ பள்ளி மைதானத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். மாற்று வழி இருந்தால், அதில் நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். எங்கள் மாற்று வழியில் அறுத்த சோளத்தட்டைக் காயப்போட்டிருந்தார்கள். முதல் நாளே போய்ச் சொல்லி, ஓரமாக ஒதுக்க வைத்தோம்.

பத்து நாள் முன்னதாகக் காவல் நிலையத்துக்கு எழுத்தில் கடிதம். இரண்டு படி எடுத்துச் செல்லுங்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள். எந்த வீதி, எங்கிருந்து எங்கு வரை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மாற்று வழி எது, பொறுப்பாளர் மூன்று பேர் யார் என்ற ஐந்தும் இருந்தால் போதும். பொங்கலின் பெருமையைப் பற்றி ஒரு பத்தி எழுதாதீர்கள். அவர்களுக்கு அது தெரியும். ஊராட்சிச் செயலருக்கும் ஒரு படி.

கடிதத்தைவிட முக்கியமானது வாய்ச்சொல். பால் சொசைட்டி வண்டிக்காரரிடம் சொல்லுங்கள். சாயங்காலப் பால் நேரம் நம் கூட்டத்துக்காக நிற்காது. கம்பெனி வேன் ஓட்டுநர்களைக் காலையில் வேன் நிற்கும் இடத்திலேயே பிடித்துச் சொல்லுங்கள். வீதியில் படுத்த படுக்கையாக யாராவது இருக்கிறார்களா, பேறுகாலம் நெருங்கிய பெண் இருக்கிறாளா என்று பாருங்கள். பந்தல் போட்டாலும், பாய் விரித்தாலும், கும்மி வட்டம் எவ்வளவு பெரிதானாலும், ஒரு ஓரத்தில் 108 வண்டி நுழையப் பத்தடி அகலம் விட்டே ஆக வேண்டும். நாங்கள் அந்தப் பத்தடியைச் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பிரித்துவிடுகிறோம். கோட்டுக்குள் பைக்கை நிறுத்தியவரின் வண்டிச் சாவியை எதிர்வீட்டு ஆத்தா பிடுங்கி மடியில் கட்டிக்கொள்வார். எட்டு மணிக்குத்தான் கிடைக்கும்.

மறிக்கக் கயிறும் வேண்டாம், கல்லும் வேண்டாம், முள்ளும் வேண்டாம். சாயப்பட்டறையில் காலி நீல டிரம் கிடைக்கும். ஒரு முனைக்கு மூன்று, மறுமுனைக்கு மூன்று. பாதி தண்ணீர் ஊற்றிவிட்டால் காற்றுக்கு நகராது. ஆம்புலன்ஸ் வந்தால் இரண்டு ஆள் சாய்த்து உருட்டிவிடலாம். டிரம்மைச் சுற்றி இரண்டு பட்டைச் சுண்ணாம்பும், நடுவே லாரிக்குப் பின்னால் ஒட்டும் ஒளிரும் சிவப்பு ஸ்டிக்கரும். டிரம்முக்கு 50 அடி முன்னதாகவே ஓர் ஆள் டார்ச்சோடு நிற்க வேண்டும். அந்த ஆள் மது அருந்தாதவராக இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனைக்குத்தான் எங்கள் வீதியில் ஆள் தேடுவது கஷ்டமாக இருக்கிறது.

வளைவும் பேனரும் வைக்காதீர்கள். 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில் அலங்கார வளைவுக் கம்பத்தை ஒட்டி நடந்த விபத்தில் ஓர் இளைஞர் இறந்ததை ஊரே பேசியது. அதற்குப் பிறகும் நம் ஆட்கள் காதுகுத்துக்கு வளைவு வைக்கிறார்கள். சீரியல் விளக்கு வேண்டுமென்றால் யாராவது ஒரு வீட்டு மீட்டரிலிருந்து எடுங்கள். கம்பத்தில் கொக்கி போடுவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி திருட்டு. சட்டம் இருக்கட்டும், பனியில் நனைந்த கம்பத்தில் பத்து வயதுப் பையன் கை வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுப்பு

இதில் எனக்கு அதிகாரம் உண்டு என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். அடுப்பு வீதியில் கூடாது. பிள்ளையார் கோயில் முற்றத்தின் மூலையில், காற்றுக்கு முதுகு காட்டி வையுங்கள். பக்கத்தில் இரண்டு வாளி மணல்.

150 பேருக்கு 4 கிலோ பச்சரிசி, 1 கிலோ பாசிப்பருப்பு, 6 கிலோ கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்டு இனிப்புப் பொங்கல். வயிறு நிறைவதற்கு அரிசிம்பருப்பு: 12 கிலோ அரிசிக்கு 4 கிலோ துவரம்பருப்பு, 4 கிலோ சின்ன வெங்காயம், ஒரு கிலோ பூண்டு, பத்துத் தேங்காய். சத்துணவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று அளந்து அளந்து கை பழகியதால் இந்தக் கணக்கு எனக்குத் தப்பாது. தொட்டுக்கொள்ளத் தயிர் போதும். ஒப்புட்டு (போளி) சுடலாம் என்று ஒரு வருடம் ஆசைப்பட்டோம். ஆறு பெண்கள் நாள் முழுக்கக் கல்லடியிலேயே நின்றார்கள். ஒருத்தி கூடக் கும்மியடிக்கவில்லை. அதோடு நிறுத்திவிட்டோம்.

கோலமாவுக் கணக்கு

இது எங்கள் வீதியில் தானாகத் தோன்றியது. எல்லா ஊரிலும் செய்யலாம்.

வண்டி இல்லாத வீதியைப் பார்த்ததும் பிள்ளைகள் கோலமாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒரு சிறுமி, தான் சைக்கிளிலிருந்து விழுந்த இடம் என்று ஒரு வட்டம் போட்டாள். பக்கத்தில் இன்னொருத்தி. அதைப் பார்த்த ஒரு பெரியம்மா, "நான் விழுந்தது அங்கே, கண்ணு" என்று கைகாட்டினார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எல்லோரையும் கூப்பிட்டேன். விழுந்த இடத்தில் சிவப்பு வட்டம், விழப்பார்த்துத் தப்பிய இடத்தில் வெள்ளை வட்டம். யாரும் யாரையும் பார்த்துப் போடக் கூடாது. அவரவருக்கு நடந்ததை மட்டும்.

அரை மணி நேரத்தில் வீதி பேச ஆரம்பித்துவிட்டது. நாங்கள் எல்லோரும் ஆபத்து என்று நினைத்திருந்தது பள்ளிக்கூட வாசலை. அங்கே மூன்றே வட்டம். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்து முடக்கில், சீமைக்கருவேலம் சாலைப் பக்கம் சாய்ந்து கிடக்கிற இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாகப் பதினேழு. அதில் ஆறு சிவப்பு. குடத்தோடு வருகிற பெண்ணுக்கும் வேனுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாத இடம் அது. வேகத்தடை கேட்டு நாங்கள் எழுதியிருந்த மனுவில் பள்ளி வாசல் என்றுதான் இருந்தது. அன்று இரவே மாற்றி எழுதினோம்.

மொட்டை மாடியில் ஏறி மேலிருந்து படம் எடுங்கள். இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும். நோம்பிக்கு ஒரு வாரம் முன்னால், வேலை நாளில், காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் வண்டிகளை எண்ணி வைத்திருந்தால் படத்தோடு சேரும். எங்கள் அப்பாரு ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, லாரிக்குப் புளியங்கொட்டை, வேனுக்குச் சோளம் என்று இரண்டு கிண்ணத்தில் போட்டு எண்ணினார். நோட்டில் கோடு போட்டு எண்ணிய கல்லூரிப் பையனின் கணக்கில் ஏழு வண்டி குறைந்தது. நடுவில் கைபேசியைப் பார்த்திருக்கிறான்.

என்ன கேட்பது

வேகத்தடை என்ற ஒரே மருந்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் புதரை வெட்டச் சொல்லுங்கள். பிறகு முடக்கில் ஒரு தெருவிளக்கு. பிறகு வளைவு இருக்கிறது, பள்ளி இருக்கிறது என்று சொல்லும் பலகைகள், முடக்கில் எதிர்ப்பக்கம் தெரிய ஒரு குவி ஆடி. அதற்கும் அடங்காவிட்டால் வேகத்தடை.

நீங்களே போடாதீர்கள். எங்கள் பையன்கள், தளம் போட்டு மீந்த கான்கிரீட்டை ஒரு ராத்திரியில் குறுக்கே கொட்டி மேடாக்கினார்கள். மூன்றாம் நாள் பேரனின் பின்னால் உட்கார்ந்து வந்த அமுச்சி ஒருவர் தூக்கி எறியப்பட்டு இடுப்பு எலும்பு முறிந்தார். வேன்கள் என்னவோ அதே வேகத்தில்தான் போயின. சாலைகளுக்கு அளவு வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு இது: வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளத்துக்குப் பரந்து, நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் மெல்லத் தூக்கி இறக்கும். உங்கள் சேலையை விரித்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு நீளம், உயரமோ அரைச் சாண் கூட இல்லை. ஊரில் இருக்கிற வேகத்தடைகளை ஒருமுறை அளந்து பாருங்கள், பெரும்பாலானவை குட்டிச்சுவர் என்று தெரியும். மேலே கறுப்பு வெள்ளைப் பட்டையும், 40 மீட்டர் முன்னதாக அறிவிப்புப் பலகையும் அதில் சேர்ந்தவை. மனுவில் இந்த அளவுகளை எழுதுங்கள். எழுதாவிட்டால் குட்டிச்சுவர்தான் வரும்.

மனு யாருக்கு என்பது சாலை யாருடையது என்பதைப் பொறுத்தது. மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. அவற்றில் ஊராட்சி கை வைக்க முடியாது. தீர்மானம் போட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பத்தான் முடியும். எங்களுடையது ஊராட்சிச் சாலை என்று தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு அலுவலகம், நான்கு டீ ஆயிற்று.

26-ஆம் தேதி

தை 3 கழிந்து ஒன்பது, பத்து நாளில் ஜனவரி 26 வந்துவிடும். அன்று கிராம சபை. வருடத்தில் ஆறு நாள் கூடும் சபையில் முதல் நாள் நம் நோம்பிக்குப் பக்கத்திலேயே விழுவது நமக்கு வாய்த்த வசதி. கையெழுத்தின் மை காய்வதற்குள் கொண்டுபோய்விடலாம்.

ஒரு மனுவில் ஒரே விஷயம். படத்தை முதல் பக்கத்தில் வையுங்கள். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும், "பரிசீலிக்கிறோம் அம்மா" என்ற சொல்லோடு எழுந்து வந்துவிடாதீர்கள். தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதி, அதைச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் ஏறாத சொல் பந்தலோடு போய்விடும். நாங்கள் இருபது பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். சிவப்பு வட்டம் போட்ட ஆறு பேரும் ஒவ்வொருவராக எழுந்து, எந்த மாதம், எந்த இடம், என்ன அடி என்று மட்டும் சொன்னார்கள். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. நான்தான் முதல் நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். அங்கே நகராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, 1100 என்ற முதல்வர் உதவி எண் இருக்கிறது. கம்பமோ கம்பியோ சாய்ந்திருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு நேராக 94987 94987.

எங்களுக்குப் புதர் இரண்டு வாரத்தில் போனது. விளக்கு சித்திரையில் வந்தது. வேகத்தடை அடுத்த ஐப்பசியில், அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பலகையோடு வந்தது. அடுத்த போகியன்று யாரோ அந்தப் பலகைக் கம்பத்துக்கும் பூளைப்பூக் காப்புக் கட்டியிருந்தார்கள். குவி ஆடி இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

சொல்லாமல் சொல்ல வேண்டியவை

நோம்பிக்குப் புது பைக் வாங்கி, பத்தாவது படிக்கும் பையன் கையில் சாவியைக் கொடுக்கும் வீடு எல்லா வீதியிலும் ஒன்று இருக்கும். கூட்டத்தில் பெயர் சொன்னால் பகை. சோற்றுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, மாமன் முறை உள்ள ஒருவர் மெதுவாகச் சொல்ல வேண்டும்: 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி சிறுவன் ஓட்டிக் குற்றம் ஏற்பட்டால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. சிறை என்றால் சிரிப்பார்கள். 25 வயது வரை உரிமம் இல்லை என்றதும்தான் தாய்மார்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அடிபட்டவரைத் தூக்கிப் போகப் பயப்படாதீர்கள் என்றும் அங்கேயே சொல்லிவிடுங்கள். உதவுகிறவர் மேல் வழக்கு வராமல் காக்க அதே சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்க மாட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் எந்தெந்த மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று கேட்டு வந்து, பிள்ளையார் கோயில் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறோம்.

அதே தை மாதத்தில் தைப்பூசம். பழனிக்கு நடப்பவர்கள் விடியற்காலை இருட்டில்தான் கிளம்புவார்கள். டிரம்முக்கு ஒட்டியது போக மீதமான ஒளிரும் ஸ்டிக்கரைக் கத்தரித்து, நம் வீதியிலிருந்து போகிறவர்களின் பைக்குப் பின்னால் ஒட்டி அனுப்புங்கள். வண்டி எதிரே வருவது தெரியும்படி வலது ஓரமாக நடக்கச் சொல்லுங்கள். காவி வேட்டி இருட்டில் தெரியும் என்று நம்புகிறார்கள். தெரியாது. நார்க்கயிறும் எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தோம்.

எட்டு மணிக்கு டிரம் தண்ணீரை வேப்பமரத்துக்கு ஊற்றிவிட்டு, சுண்ணாம்பைக் கழுவி, அன்று இரவே பட்டறைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு வருடம் நாங்கள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். ஆறில் ஒன்று யார் வீட்டு மாட்டுக்கோ தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. பட்டறைக்காரர் அடுத்த வருடம் ஐந்துதான் கொடுத்தார்.